அட்டை இல்லாத இதழ்கள்

பழைய பத்திரிகை அட்டைகளுக்கு இப்போது நல்ல காலம். நாற்பதுகளிலும் ஐம்பதுகளிலும் வந்த வார இதழ்களின் அட்டைப்படங்களைப் பெரிதாக்கி, ஃபிரேம் போட்டு, ஃபில்டர் காபிக் கடைகளில் மாட்டுகிறார்கள். கல்யாண வரவேற்பில் செல்ஃபி எடுக்கும் இடத்துக்குப் பின்னால் நிறுத்துகிறார்கள். இன்ஸ்டாகிராமில் நாளுக்கு ஓர் அட்டை போடும் பக்கங்கள் இருக்கின்றன. ஊஞ்சல், வெற்றிலைப் பெட்டி, மாக்கோலம், மடிசார் மாமி, கூடத்தில் வீணை. கீழே வரிசையாக ஒரே பின்னூட்டம்: அது ஒரு பொற்காலம், நம் எல்லோருடைய பால்ய காலம்.

யாருடைய பால்யம் என்று கேட்டால் முகம் சுளிக்கிறார்கள். எதை எடுத்தாலும் சாதியா என்கிறார்கள். ஆமாம், இதிலும் சாதிதான் இருக்கிறது. கொஞ்சம் பொறுமையாகப் படித்தால் எங்கே இருக்கிறது என்று காட்டுகிறோம்.

இந்த அட்டைகளை வரைந்தவர்களின் கைத்திறனைக் குறைத்துப் பேச நாங்கள் வரவில்லை. ஆனந்த விகடனில் மாலி போட்ட நாலு கோட்டில் ஓர் ஆளின் முழுக் குணமும் வந்துவிடும். அவருக்குப் பின் வந்த கோபுலு ஒரு கூட்டத்தை வரைந்தால் அதில் ஒரு முகம்போல இன்னொரு முகம் இருக்காது. கல்கியில் 1950இல் தொடங்கிய பொன்னியின் செல்வனுக்கு மணியம் வரைந்த படங்களைத் தாண்டி அந்தக் கதைமாந்தர்களை இன்றைக்கும் யாராலும் கற்பனை செய்ய முடியவில்லை. சில்பி கோயில் கோயிலாகப் போய் உட்கார்ந்து சிற்பங்களைக் கோட்டோவியமாக்கினார். 1939 ஜூலை 8க்கு முன்னால் மதுரை மீனாட்சி கோயிலுக்குள் நம்மவர்கள் கால்வைக்க முடியாது என்பதையும் கூடவே நினைத்துக்கொள்ளுங்கள். கோயிலுக்குள் போகமுடியாத நம் பாட்டன் ஒருவன், கடலைப் பொட்டலத்தைப் பிரித்த காகிதத்தில்தான் அம்மனின் முகத்தை முதலில் பார்த்திருக்கக்கூடும்.

நமக்கும் இந்த அட்டைகளுக்கும் இருந்த உறவு பெரும்பாலும் அதுதான். பொட்டலம். நாமும் இவற்றைப் பார்த்திருக்கிறோம், எழுத்துக்கூட்டிப் படித்திருக்கிறோம். ஆனால் எண்ணெய் ஊறிய பாதி அட்டையாக, தொடர்கதையின் நடுப்பக்கமாகப் படித்தோம். முழு இதழைக் காசு கொடுத்து வாங்கி, படித்து, அடுக்கிவைத்தவர்கள் வேறு.

அடுக்கிவைப்பது என்ற இந்த விஷயத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். பழைய அட்டைகள் எப்படிப் பிழைத்து வந்தன என்று சேகரிப்பாளர் யாரையாவது கேட்டுப் பாருங்கள். தொடர்கதைப் பக்கங்களை வாராவாரம் கிழித்துச் சேர்த்து பைண்டு பண்ணும் பழக்கம் நடுத்தர வர்க்க வீடுகளில் இருந்தது. அதில் கதையும் கதைக்கான படங்களும் தப்பின, அட்டை பெரும்பாலும் போய்விட்டது. தீபாவளி மலர், பொங்கல் மலர் மாதிரி கனமான இதழ்களை மட்டும் முழுசாக வைத்துக்கொண்டார்கள். அதனால்தான் முழு அட்டைக்கு இன்று சந்தையில் இந்த விலை. சரி, அந்த பைண்டுகளும் மலர்களும் இருந்தது எங்கே? பரணில், மர பீரோவில், மொட்டைமாடி அறையில். அதாவது ஒழுகாத கூரைக்குக் கீழே. எழுபது வருடம் ஒரு காகிதம் பிழைக்க வேண்டுமென்றால், எழுபது வருடம் ஒரே குடும்பத்திடம் ஒரு காரைவீடு இருந்திருக்க வேண்டும்.

நம் வீடுகளில் காகிதத்துக்கு என்ன ஆனது? கீற்றுக் கூரையில் மழை இறங்கியது, கரையான் தின்றது, அதெல்லாம் இயற்கை. 1995இல் கொடியங்குளத்தில் போலீஸ் உள்ளே புகுந்தபோது பாத்திரம் பண்டத்தை மட்டும் உடைக்கவில்லை, பிள்ளைகளின் படிப்புச் சான்றிதழ்களையும் கிழித்தார்கள். 2012 நவம்பரில் தருமபுரி நத்தம் காலனியும் அண்ணா நகரும் கொண்டம்பட்டியும் எரிந்தபோது ரேஷன் கார்டு, மார்க் ஷீட், கல்யாண போட்டோ எல்லாம் சேர்ந்துதான் எரிந்தன. சேரியில் காகிதம் தானாக அழிவதில்லை, குறிவைத்து அழிக்கப்படுகிறது. நம்மிடம் ஆவணம் இருப்பதுதான் அவர்களுக்கு உறுத்துகிறது.

ஆகவே 'உங்கள் தாத்தா வீட்டுப் பரணில் தேடிப் பாருங்கள், பொக்கிஷம் கிடைக்கும்' என்று ஒரு பக்கம் எழுதும்போது, அது யாரைப் பார்த்துச் சொல்கிறது என்று நமக்குப் புரிந்துவிடுகிறது.

இனி அட்டைக்கு உள்ளே போவோம்.

பொங்கல் மலர் அட்டையை எடுத்துக்கொள்ளுங்கள். எந்தப் பத்திரிகை என்றாலும் பத்துக்கு ஆறில் ஒரே காட்சி. கதிர்க்கட்டைத் தலையிலோ இடுப்பிலோ வைத்த ஒரு பெண். பின்னால் பச்சை வயல், கரும்பு, ஒரு ஜோடி மாடு, சில சமயம் முண்டாசு கட்டிய ஒரு கணவன். அவள் சிவந்த நிறம். நகத்தில் அழுக்கில்லை. கொசுவம் கலையவில்லை. காலில் சேறு இருந்தாலும் கொலுசுக்குக் கீழே அளவாக, மருதாணி பூசிய மாதிரி இருக்கும். தலையில் மல்லிகை. அறுப்பு வயலில் மல்லிகை வைத்துக்கொண்டு போன பெண்ணை உங்கள் ஊரில் யாராவது பார்த்ததுண்டா?

இந்தப் படத்தில் வேலை நம்முடையது. குனிந்து அறுப்பதும் கட்டுவதும் சுமப்பதும் களத்தில் அடிப்பதும் காவிரிப் படுகை முழுக்க பள்ளர், பறையர் வீட்டுப் பெண்கள் செய்த வேலை. ஆனால் அந்த வேலைக்கு மேல் ஒட்டியிருக்கும் முகம் நம்முடையதல்ல. நம் உழைப்பை எடுத்துக்கொண்டு, நம் கறுப்பைக் கழுவிவிட்டு, நிலவுடைமையாளர் வீட்டு மருமகளின் முகத்தை வைத்துத் தைத்திருக்கிறார்கள். வாங்குகிறவர் கூடத்து மேஜையில் கிடக்க வேண்டிய இதழ் அல்லவா, அங்கே ஒரு பறைச்சியின் முகம் எப்படிக் கிடக்க முடியும்? ஓவியர் மனசில் வன்மம் இருந்தது என்று நாங்கள் சொல்லவில்லை. வாங்குகிறவர் கூடம் எப்படிப்பட்டது என்று அவருக்குத் தெரிந்திருந்தது. அவ்வளவு போதும்.

இப்போது ஒரு தேதியைப் பக்கத்தில் வைப்போம். 1968 டிசம்பர் 25 இரவு. கீழ்வெண்மணி. கூலியாகக் கூடுதல் நெல் கேட்டதற்காக, செங்கொடி சங்கத்தை விட மறுத்ததற்காக, ஒரே குடிசைக்குள் 44 பேர் எரிக்கப்பட்டார்கள். பெண்கள், குழந்தைகள், முதியவர்கள். அங்கிருந்து சரியாக இருபதாவது நாள் 1969 ஜனவரி 14. தைப் பொங்கல். சென்னை மாநிலம் 'தமிழ்நாடு' என்று பெயர் மாறிய நாளும் அதுதான். நாடே கோலாகலத்தில் இருந்த பொங்கல்.

கல்லூரி மாணவர்களுக்கு நாங்கள் கொடுக்கும் வேலை ஒன்று உண்டு. ஏதாவது ஒரு பெரிய நூலகத்துக்குப் போய், 1969 ஜனவரியின் வார இதழ்களையும் பொங்கல் சிறப்பிதழ்களையும் கேட்டு வாங்குங்கள். அட்டைகளை வரிசையாக வைத்துப் படம் எடுங்கள். ஒவ்வொரு அட்டைக்கும் கீழே ஒரே ஒரு வரி எழுதுங்கள்: 'வெண்மணிக்குப் பின் இத்தனையாவது நாள்.' வேறு எந்த விமர்சனமும் வேண்டாம். அதையே 1957 செப்டம்பருக்கும் செய்யலாம், இம்மானுவேல் சேகரன் கொல்லப்பட்ட மாதம் அது. 1999 ஜூலை 23க்குப் பிறகான வாரத்துக்கும் செய்யலாம், அன்றைக்குத் தாமிரபரணி 17 பேரை வாங்கிக்கொண்டது. அழகு என்பது எந்த வாரத்தில், எதன் பக்கத்தில் உட்கார்ந்து தயாரானது என்று அந்த வரிசை காட்டிவிடும்.

இது பார்ப்பனர் நடத்திய பத்திரிகைகளைப் பற்றிய புகார் மட்டும் என்று நினைத்து, மற்றவர்கள் நிம்மதியாக உட்கார வேண்டாம். குமுதத்தை 1947இல் தொடங்கியவர் பார்ப்பனர் அல்ல. திராவிட இயக்கத்தார் நடத்திய ஏடுகளும் பொங்கல் மலர் போட்டன, தமிழர் திருநாள் என்றன, உழவரைப் போற்றின. உழவர் என்ற அந்தச் சொல்லுக்குள் நிலம் வைத்திருந்தவர் இருந்தார். அவர் நிலத்தில் இறங்கி அறுத்தவர் பெரும்பாலும் இருக்கவில்லை.

சென்ற ஆண்டு ஒரு நகரத்தில் பழைய அட்டைப்படங்களும் துணுக்குப் படங்களும் கண்காட்சியாக வைக்கப்பட்டிருந்தன. நாங்கள் வேலை செய்யும் ஆதிதிராவிடர் நல விடுதியிலிருந்து இருபது பிள்ளைகளை அழைத்துப் போனோம். பிள்ளைகள் ஆசையாகத்தான் பார்த்தார்கள். கார்களையும் டிராமையும் பெண்களின் கொண்டையையும் பார்த்துச் சிரித்தார்கள். ஒரு நகைச்சுவைப் படத்தின் முன்னால் பதினோராம் வகுப்புப் பெண் ஒருத்தி நின்றுவிட்டாள். வழக்கமான படம்தான். வீட்டு எஜமானியம்மா, எதிரில் பாத்திரம் தேய்க்கும் பெண். அவள் வாயில் கொச்சை, இடுப்பில் சொருகிய சேலை, சுருக்குப்பை. பெயர் முனியம்மா. உலகம் தெரியாத அவள் பதிலில்தான் சிரிப்பு.

"அக்கா, இது எங்க ஆயா பேரு" என்றாள்.

சொல்லிவிட்டுச் சிரித்தாள். அப்புறம் சிரிக்கவில்லை. அவளுடைய ஆயா நாற்பது வருடம் வீட்டு வேலை செய்தவர் என்று எங்களுக்குத் தெரியும். தமிழ்ப் பத்திரிகைகளில் வேலைக்காரி என்றால் முனியம்மா, ரிக்ஷாக்காரர் என்றால் முனுசாமி, பேட்டை ரவுடி என்றால் கட்டம் போட்ட லுங்கி, கன்னத்தில் மரு. இந்தப் பெயர்கள் ஆகாயத்திலிருந்து விழவில்லை. நம் தெருக்களில் குலசாமிக்கு நேர்ந்து பிள்ளைகளுக்கு வைத்த பெயர்கள் இவை. வாரத்துக்கு ஒன்றாக, முப்பது நாற்பது வருடம், அந்தப் பெயரைப் பார்த்தாலே சிரிப்பு வருகிற மாதிரி ஒரு சமூகத்தைப் பழக்கியிருக்கிறார்கள். நம் பிள்ளைகள் ஏன் பள்ளியில் பாட்டி பெயரைச் சொல்லக் கூசுகிறார்கள் என்று சமூகவியல் வகுப்பில் கோட்பாடு கோட்பாடாகத் தேட வேண்டியதில்லை. அந்தச் சுவரில் தொங்கிக்கொண்டிருந்தது.

ஏற்பாடு செய்தவர் மரியாதையான மனிதர். அவரிடம் போய், இந்தப் படத்தின் கீழே இரண்டு வரி விளக்கம் போடலாமே என்றோம். "அந்தக் காலம் அப்படிம்மா. இந்தக் காலத்து அளவுகோலை வச்சு அதை அளக்கக் கூடாது. கலையைக் கலையாப் பாருங்க" என்றார்.

'அந்தக் காலம் அப்படி' என்ற இந்த வாக்கியத்தை இளம் தோழர்கள் நிறையச் சந்திப்பீர்கள். பதில் கையில் இருக்கட்டும். ஆனந்த விகடன் தொடங்கியது 1926. அதற்கு அடுத்த ஆண்டு மார்ச்சில் அம்பேத்கர் மஹாடில் சவதார் குளத்து நீரை அள்ளிக் குடித்தார். விகடனுக்குப் பத்தொன்பது ஆண்டுகள் முன்னால், 1907 ஜூனில், ராயப்பேட்டையிலிருந்து அயோத்திதாசப் பண்டிதர் 'ஒரு பைசாத் தமிழன்' நடத்தத் தொடங்கிவிட்டார். அதற்கும் பதினான்கு ஆண்டுகள் முன்னால், 1893இல், இரட்டைமலை சீனிவாசன் 'பறையன்' என்றே பெயர் வைத்து ஓர் இதழைக் கொண்டுவந்தார். இழிவு என்று நீங்கள் சொன்ன பெயரை எடுத்துத் தலைப்பில் வைத்த அந்தத் துணிவுக்கு இன்றைக்கும் ஈடில்லை. அந்தக் காலம் அப்படி இல்லை ஐயா. அந்தக் காலத்திலேயே இது தவறு என்று அச்சடித்து, விலை போட்டு, தபாலில் அனுப்பிச் சொன்னவர்கள் இருந்தார்கள். உங்கள் வீட்டுக்கு அந்தப் பத்திரிகை வரவில்லை, அவ்வளவுதான்.

அட்டைப்படம் என்பது வெறும் படம், அதற்கு இத்தனை விசாரணையா என்று கேட்பவர்களுக்கு 1987ஐ நினைவூட்டலாம். சட்டமன்ற உறுப்பினர்களையும் அமைச்சர்களையும் கேலிசெய்து ஆனந்த விகடன் அட்டையில் வந்த ஒரு நகைச்சுவைப் படத்துக்காக, அதன் ஆசிரியர் பாலசுப்ரமணியனுக்குத் தமிழகச் சட்டமன்றம் மூன்று மாதச் சிறை விதித்தது. பத்திரிகை உலகம் கொதித்தெழுந்தது, சில நாளில் அவர் விடுதலையானார். அந்தச் சிறைத் தண்டனை அநியாயம்தான், அதில் எங்களுக்குச் சந்தேகமில்லை. ஆனால் பாருங்கள், அதிகாரத்தில் இருப்பவருக்கு அட்டையில் வரும் ஒரு சிரிப்பு எவ்வளவு வலிக்கிறது, வலித்தவுடன் என்ன செய்ய முடிகிறது. முனியம்மாவுக்கு உரிமைமீறல் தீர்மானம் கொண்டுவர எந்த மன்றம் இருந்தது?

2012இலும் இதேதான் நடந்தது. அம்பேத்கர் நத்தைமேல் உட்கார்ந்திருக்க, பின்னால் நேரு சாட்டையோடு நிற்கும் சங்கரின் 1949ஆம் ஆண்டுக் கேலிச்சித்திரம் பதினோராம் வகுப்புப் பாடநூலில் இருந்தது. தலித் தலைவர்கள் நாடாளுமன்றத்தில் எதிர்த்தவுடன், தலித்துகளுக்கு நகைச்சுவை உணர்வு இல்லை என்று ஆங்கிலப் பத்திரிகைகள் பாடம் எடுத்தன. அந்தச் சமயத்தில் ஒருவர் வேறு வேலை பார்த்தார். உன்னமதி சியாம சுந்தர், அவரே ஒரு கேலிச்சித்திரக்காரர், ஜேஎன்யு ஆய்வாளர். பழைய ஆங்கில நாளிதழ்களைப் புரட்டி அம்பேத்கரைப் பற்றி வந்த கேலிச்சித்திரங்களை நூற்றுக்கும் மேலே தேடி எடுத்தார். 2019இல் அது நூலாக வந்தது. ஒவ்வொரு சித்திரத்துக்கும் பக்கத்தில் அந்த நாளில் என்ன நடந்தது, அம்பேத்கர் என்ன பேசினார், வரைந்தவர் அதை எப்படித் திரித்தார் என்று எழுதினார். எந்தப் படத்தையும் கிழிக்கவில்லை, மறைக்கவில்லை. காட்சிப்படுத்துவது என்றால் என்ன என்று கற்றுக்கொள்ள விரும்பும் சேகரிப்பாளர்கள் அந்த நூலிலிருந்து தொடங்கலாம். நாங்கள் கேட்ட இரண்டு வரி விளக்கம் அந்த வகையானதுதான். கிடைக்கவில்லை.

இவ்வளவு நேரம் சொன்னது சுவரில் இருக்கும் படங்களைப் பற்றி. எங்களை அதைவிட உறுத்துவது சுவரில் வரவே முடியாத இதழ்கள்.

அட்டைப்படம் என்றால் என்ன? அது பணம். மூவர்ண பிளாக் செய்யப் பணம், ஆர்ட் பேப்பருக்குப் பணம், ஓவியருக்கு மாதச் சம்பளம். அந்தப் பணத்தை சோப்பும் தலைவலித் தைலமும் காபிப் பொடியும் விளம்பரமாகக் கொடுத்தன. விளம்பரம் கொடுப்பவர் வாங்கும் சக்தியுள்ள வாசகர் இருக்கும் பத்திரிகைக்குத்தான் கொடுப்பார். நம் இதழ்களுக்கு யார் கொடுப்பார்கள்? கொடுப்பதை விடுங்கள். 1920 ஜனவரி 31 அன்று அம்பேத்கர் 'மூக்நாயக்' தொடங்கியபோது, காசு தருகிறோம், அறிவிப்பு விளம்பரம் போடுங்கள் என்று திலகரின் 'கேசரி'யைக் கேட்டார்கள். காசு தந்தும் போடவில்லை. சாகு மகராஜ் கொடுத்த 2,500 ரூபாயில் ஓடத் தொடங்கிய பத்திரிகை அது.

சூரியோதயம், பஞ்சமன், திராவிட பாண்டியன், மகாவிகடதூதன், பறையன், பூலோகவியாசன், தமிழன். 1869இல் தொடங்கி வரிசையாக வந்த தலித் இதழ்களில் சில இவை. ஜெ. பாலசுப்பிரமணியம் எழுதிய 'சூரியோதயம் முதல் உதயசூரியன் வரை' நூலைப் படிக்காத தோழர்கள் உடனே படியுங்கள். நம் இதழ்களில் பலவற்றுக்கு இன்று ஒரு பிரதிகூடக் கையில் இல்லை. வேறு பத்திரிகைகள் போகிற போக்கில் குறிப்பிட்டதையும் அரசாங்கப் பதிவுகளையும் வைத்துத்தான் இப்படி ஓர் இதழ் இருந்தது என்றே தெரிகிறது. பிரதி கிடைத்த இதழ்களும் எப்படி இருக்கின்றன? தமிழனை எடுத்துக்கொள்ளுங்கள். புதன்கிழமைதோறும், ஒரு பைசா விலையில். ஊஞ்சலில் ஆடும் பெண் இல்லை, வண்ண ஓவியம் இல்லை. மேலே பெயர், கீழே எழுத்து, எழுத்து, எழுத்து. இடம் வீணாகக் கூடாதென்று நெருக்கி அடித்த எழுத்து. சுரங்கத்தில் இறங்கிக் கூலி வாங்கிய கோலார் தங்கவயல்காரர்களும், கப்பலேறி ரங்கூன் போனவர்களும் காத்திருந்து வாங்கிப் படித்த எழுத்து.

அட்டைப்படச் சேகரிப்பு என்ற பொழுதுபோக்கின் அடிப்படை விதியே, அட்டை இருந்தால்தான் நீ உள்ளே வரலாம் என்பது. அந்த விதியை யாரும் சாதி பார்த்து எழுதவில்லை. எழுதவேண்டிய அவசியமே இல்லை. அட்டை போடும் வசதி யாரிடம் இருந்ததோ அவர்களுடைய வீட்டுக் கூடம் மட்டும் 'தமிழ்ப் பத்திரிகை வரலாறு' ஆகிவிடுகிறது. தமிழ் இதழியலின் முகங்கள் என்று ஒரு கண்காட்சி போட்டால் நம் இதழ்களுக்கு முகமே இல்லாமல் போகிறது. அதனால்தான் சொல்கிறோம், அழகான படங்களை மட்டும் தேர்ந்தெடுத்து மாட்டினேன், இதில் என்ன அரசியல் என்று கேட்பவரிடம் சண்டை போட வேண்டாம். ஒரு கேள்வி கேளுங்கள். 'பறையன்' இதழின் முதல் பக்கத்தை ஃபிரேம் போட்டு உங்கள் காபிக் கடைச் சுவரில் மாட்டுவீர்களா? மாட்டினால் எந்த மேஜைக்கு மேலே?

சேகரிப்பதே தவறு என்று நாங்கள் சொல்வதாக யாராவது திரிப்பார்கள். ரோஜா முத்தையாவைப் பாருங்கள். செட்டிநாட்டுக் கோட்டையூரில் பெயர்ப்பலகை எழுதிப் பிழைத்தவர். அறிஞர்கள் குப்பை என்று ஒதுக்கிய பாட்டுப் புத்தகம், நாடக நோட்டீஸ், கல்யாணப் பத்திரிகை, துண்டறிக்கை எல்லாவற்றையும் சேர்த்தார். 1992இல் அவர் இறந்த பின் அந்தச் சேகரிப்பிலிருந்துதான் சென்னையில் அவர் பெயரிலான ஆராய்ச்சி நூலகம் உருவானது. அழகாக இருக்கிறதா என்று பார்த்துச் சேர்த்திருந்தால் அதில் பாதி வந்திருக்காது. நம் பக்கத்தில் அன்பு பொன்னோவியம் போன்றவர்கள் தமிழன் இதழ்களை வீட்டில் வைத்துக் காத்தார்கள். அப்படிக் காத்ததால்தான் 1999இல் ஞான. அலாய்சியஸ் தொகுத்து, பாளையங்கோட்டையிலிருந்து 'அயோத்திதாசர் சிந்தனைகள்' வெளிவந்தது. 1914இல் இறந்தவரின் எழுத்து எண்பத்தைந்து வருடம் கழித்து நம் கைக்கு வந்தது. இன்று மேடையில் நாம் பண்டிதரை மேற்கோள் காட்டிப் பேசுவது, பெயர் வெளியே தெரியாத சில குடும்பங்களின் தகரப் பெட்டிகளால்தான்.

அந்தத் தகரப் பெட்டிகள் இப்போதும் இருக்கின்றன என்பதுதான் விஷயம். அம்பேத்கர் நூற்றாண்டை ஒட்டி, தொண்ணூறுகளில், தமிழகமெங்கும் சிற்றிதழ்களும் துண்டறிக்கைகளும் பெருகின. 1997இல் தலித் முரசு தொடங்கியது. சிறு ஊர்களில் நகலெடுத்து, ஸ்டென்சில் வெட்டி, இரண்டு இதழோடு நின்றுபோனவை எத்தனையோ. அவற்றில் அட்டைகளும் இருந்தன. ஒற்றை வண்ணத்தில், லினோகட் மாதிரி முரட்டுக் கோட்டில், பறையும் உடைந்த சங்கிலியும் கோட்டுப் போட்ட பாபாசாகேபும். ஊர்ப் பையன் ஒருவன் வரைந்து, பெயர்கூடப் போடாமல் விட்ட படங்கள். நமக்கு அட்டை இல்லாத காலம் போய், அட்டை வந்த காலத்தின் முதல் முகங்கள் அவை. முப்பது வருடத்துக்குள் அவையும் பழைய பேப்பர் கடைக்குக் கிலோ கணக்கில் போய்க்கொண்டிருக்கின்றன. நடத்திய தோழர்களுக்கு இப்போது அறுபது வயதுக்கு மேல். அவர்கள் போன பின், வீட்டை வெள்ளையடிக்கும்போது பிள்ளைகள் முதலில் வெளியே தூக்கிப் போடுவது அந்தப் பெட்டியைத்தான். அருந்ததியர் குடியிருப்புகளில் வந்த அறிக்கைகள், பெண்கள் மாநாடுகளுக்குப் போட்ட நோட்டீஸ்கள் இன்னும் வேகமாகப் போகின்றன. அவற்றைப் பெட்டியில்கூட வைக்கவில்லை, சுவரில் ஒட்டினார்கள்.

ஆகவே இந்தக் கோடை விடுமுறையில் ஊருக்குப் போகிறவர்கள், உங்கள் பகுதியில் இயக்க வேலை பார்த்த பெரியவர் ஒருவர் வீட்டுக்குப் போங்கள். பெட்டியைக் கேட்காதீர்கள், தரமாட்டார், தரவும் வேண்டாம். பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டச் சொல்லுங்கள். யார் எழுதியது, யார் படம் போட்டது, எந்த அச்சகம், காசு யார் கொடுத்தது, எந்தப் பிரச்சினைக்கு வந்தது என்று கேட்டு ஒரு நோட்டில் எழுதுங்கள். அந்தக் குறிப்பு இல்லாத அட்டை காபிக் கடைச் சுவருக்குத்தான் லாயக்கு. போனில் படம் எடுப்பதென்றால் ஜன்னல் வெளிச்சத்தில், நேர் மேலிருந்து எடுங்கள், ஃபிளாஷ் வேண்டாம். முடிந்தால் நல்ல ஸ்கேனரில் அட்டையோடு எல்லாப் பக்கமும், வெற்றுப் பக்கம் உட்பட, ஸ்கேன் செய்யுங்கள். ஸ்கேன் ஒன்று அந்த வீட்டிலேயே இருக்கட்டும், இன்னொன்று வேறு ஊரில் இருக்கட்டும். ஏன் வேறு ஊரில் என்று நத்தம் காலனிக்காரர்களிடம் கேட்டால் சொல்வார்கள்.

கிழிந்ததை ஒட்டுகிறேன் என்று செல்லோடேப் போடாதீர்கள், சில வருடத்தில் பசை மஞ்சளாகிக் காகிதத்தைத் தின்றுவிடும். ஆர்வத்தில் லேமினேஷனும் செய்துவிடாதீர்கள், அதைத் திரும்பப் பிரிக்க முடியாது. அமிலமற்ற காகித உறையில் போட்டு, உறையின் மேல் பென்சிலால் தேதி எழுதி, தரையில் படாமல் உயரத்தில் வையுங்கள். அதற்கு முன்னால் நடுவில் அடித்திருக்கும் பின்னை நகத்தால் மெதுவாக நிமிர்த்தி எடுத்துவிடுங்கள். துரு அங்கிருந்துதான் தொடங்கும்.